அத்தைக்கு ஊட்டி விடுவதை எப்போது நிறுத்துவது?

வாசகர் கடிதம் (சுருக்கியிருக்கிறேன்):

"மேடம், எங்களுக்கு முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். என் மாமியாருக்கு 58 வயது, சின்ன வயதிலிருந்தே பீடி சுற்றியவர்கள். பொங்கல் கழிந்த மறுவாரம் வலது பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டது. பாளையங்கோட்டையில் 14 நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம், இப்போது நாலு மாதம் ஆகிறது. கம்பு ஊன்றி நடக்கிறார்கள். பிசியோதெரபி தம்பி வாரம் மூன்று நாள் வீட்டுக்கு வருகிறார். ஆனால் வலது கை கிடந்தது கிடந்தபடி. சீப்பைக் கொடுத்தால் பல் விளக்கப் போகிறார்கள், புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. டாக்டர் கையைக் கழுத்தில் மாட்டுகிற பவுச்சில் போட்டு வைக்கச் சொன்னார், பிசியோ தம்பி பவுச்சைக் கழற்றுங்கள் என்கிறார், பார்க்க வருகிறவர்கள் பந்தை அமுக்கச் சொல்கிறார்கள். மாமா ஒருத்தர் புறா ரத்தம் தேய்த்தால்தான் சரியாகும் என்று ஒரு புறாவையே வாங்கிவந்து கொல்லையில் கூண்டில் போட்டிருக்கிறார். யார் பேச்சைக் கேட்பது? டிஸ்சார்ஜ் சீட்டில் 'ஓ.டி. பார்க்கவும்' என்று இருந்தது, இன்னொரு ஆபரேஷனா என்று பயந்து நாங்கள் போகவே இல்லை. மூன்று வேளையும் நான்தான் ஊட்டி விடுகிறேன். போன வாரம் பக்கத்து வீட்டு ஆச்சி விளையாட்டுக்குத் தன் பீடி சுற்றுகிற சொளவை (முறத்தை) தூக்கி அத்தை மடியில் வைத்தார்கள். அத்தை இடது கையால் ஒரு இலையை எடுத்தார்கள், வலது கைப் பெருவிரல் லேசாக அசைந்த மாதிரி இருந்தது. இனிமேல் பீடி சுற்ற விடமாட்டோம், அது வேறு விஷயம். என் பெயர் போட வேண்டாம்."

தங்கச்சி, முதலில் அந்த ஓ.டி. பயத்தைத் தீர்த்துவிடுவோம். ஆஸ்பத்திரியில் ஓ.டி. என்றால் ஆபரேஷன் தியேட்டர் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். எனக்குக் கல்யாணம் பேசும்போது மாப்பிள்ளை வீட்டார் ஊரெல்லாம் 'பொண்ணு ஆபரேஷன் தியேட்டர்ல வேலை பாக்கா' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், கேட்கக் கௌரவமாக இருந்ததால் நானும் திருத்தவில்லை. உங்கள் சீட்டில் இருக்கிற ஓ.டி. ஆக்குபேஷனல் தெரபி. தமிழில் செயல்முறை சிகிச்சை என்பார்கள், தொழில்வழி சிகிச்சை என்பார்கள், இரண்டுமே இன்னும் ஜனங்கள் வாயில் ஏறவில்லை. கத்தியும் கிடையாது, ஊசியும் கிடையாது. சாப்பிடுவது, குளிப்பது, சேலை கட்டுவது, கக்கூஸ் போவது, வேலை பார்ப்பது என்று ஒரு மனுஷி காலையிலிருந்து ராத்திரி வரை செய்கிற காரியங்களில் எதெல்லாம் நின்றுபோனதோ அதைத் திரும்பச் செய்யவைப்பது எங்கள் வேலை. பழைய மாதிரி முடியாவிட்டால் வேறு மாதிரி.

உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அந்தச் சொளவு வரிதான், அதைப் போய்க் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்!

ஏன் முக்கியம் என்கிறேன் என்றால், அத்தைக்குப் புத்தி பேதலிக்கவில்லை. இது பக்கவாதம், வலது பக்கம் விழுந்தது என்றால் அடிபட்டது பெரும்பாலும் மூளையின் இடது பாதி. பேச்சுக்கான இடம் முக்கால்வாசிப் பேருக்கு மேல் அந்தப் பக்கம்தான் இருக்கிறது, ஒரு பொருளை எப்படிப் பிடித்து என்ன செய்வது என்கிற கைப்பழக்கத்தின் கணக்கும் அங்கேதான். அந்தக் கணக்கு குழம்பும்போது சீப்பு பல்லுக்குப் போகும், பேஸ்ட்டைத் தலையில் தடவுவார்கள், சட்டைக்குள் காலை விடப் பார்ப்பார்கள். அப்ராக்சியா என்று இதற்குப் பெயர். பைத்தியமும் இல்லை, வீம்பும் இல்லை. சீப்பு எது என்று அவர்களுக்குத் தெரிந்தேகூட இருக்கலாம், கைக்குத்தான் அடுத்தது என்ன என்று தெரியவில்லை. இதில் ஒரு விசித்திரம் உண்டு. 'தலையைச் சீவுங்கள்' என்று சொன்னால் வராத அசைவு, பழகிய இடத்தில் பழகிய நேரத்தில் பழகிய பொருள் கைக்கு வந்தால் சில சமயம் தானாக வந்துவிடும். நாற்பது வருஷம் மடியில் இருந்த சொளவு மறுபடி மடிக்கு வந்ததும் கை இலைக்குப் போனது அப்படித்தான். பிசியோ தம்பி 'பெருவிரலை ஆட்டுங்கம்மா' என்று நூறு தடவை சொல்லியும் ஆடாத விரல் அது, இல்லையா?

சரி, சீப்புக்கு என்ன செய்வது? கண்ணாடி முன்னால், எப்போதும் சீவுகிற நேரத்தில், சீப்பு மட்டும் இருக்கட்டும், பிரஷ்ஷும் பவுடரும் கண்ணில் படவேண்டாம். வாயால் விளக்காதீர்கள், சொல் அதிகமானால் குழப்பமும் அதிகமாகும். உங்கள் கையை அவர்கள் கைமேல் வைத்து முதல் இழுப்பை மட்டும் சேர்ந்து இழுத்துவிட்டு மெல்ல விட்டுவிடுங்கள். தப்பாகப் போனால் 'ஐயோ அது இல்ல' என்று கத்த வேண்டாம், கையைப் பிடித்துத் திரும்பவும் சரியான இடத்துக்குக் கொண்டுபோங்கள், அது போதும்.

இப்போது ஊட்டுகிற விஷயம். நீங்கள் இதைக் கேள்வியாகவே கேட்கவில்லை, ஆனால் நான் இதைத்தான் பேச வேண்டும். மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து மாமியாருக்கு ஊட்டுகிறாள் என்றால் தெரு முழுக்கப் புகழும். நாளைக்கு நீங்கள் ஸ்பூனைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே சும்மா உட்கார்ந்தால், ஞாயிற்றுக்கிழமை வருகிற நாத்தனார் 'எங்க அம்மை பாதியைக் கீழ சிந்திட்டுத் திங்கா, இவ வேடிக்கை பாத்துட்டு இருக்கா' என்று நாலு வீட்டில் சொல்லத்தான் செய்வார்கள். நான் போகிற வீடுகளில் பாதியில் இதுதான் நிஜமான தடங்கல், கை அல்ல. பயன்படுத்தாத கை, பயன்படாமல் இருக்கவே கற்றுக்கொள்ளும். ஒன்றிரண்டு தடவை முயன்று தோற்று, அப்புறம் இன்னொருத்தர் எல்லாம் செய்து கொடுக்கிறார் என்று ஆகிவிட்டால், கொஞ்சம் உயிர் திரும்பிய பிறகும் மூளை அந்தக் கையைக் கூப்பிடாது. முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், ஆறு மாதம் வரை நன்றாகவே இருக்கும், அதற்குப் பிறகும் நின்றுபோவதில்லை, வேகம்தான் குறையும். நாலாவது மாதத்தில் இருக்கிறீர்கள். அதனால் நாளைக்கே ஆரம்பியுங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று பாருங்கள். தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறார்களா, புரையேறுகிறதா, சாப்பிட்டதும் குரல் கரகரவென்று ஈரமாகக் கேட்கிறதா? அப்படி இருந்தால் கை விஷயம் அப்புறம், முதலில் விழுங்குவதைச் சோதிக்க வேண்டும், அது ஸ்பீச் தெரபிஸ்ட் வேலை (அவர்கள் பேச்சுக்கு மட்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், தொண்டையும் அவர்கள் கணக்கில்தான்). அது சரியாக இருந்தால், பட்டாசலில் கட்டிலில் சாய்த்து வைத்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டு நாற்காலியில் நேராக உட்காரவையுங்கள், கால் தரையில் பதியட்டும், வலது கை மேசைமேல் இருக்கட்டும், மடியில் தொங்க வேண்டாம். இடது கையால் சாப்பிடச் சொன்னால் நம் ஊர் ஆச்சிமார் பட்டினி கிடந்தாலும் கிடப்பார்கள், சோற்றில் இடது கை வைக்கமாட்டார்கள், அதனால் நான் வற்புறுத்துவதில்லை. ஸ்பூன் காம்பில் பழைய துணியைச் சுற்றியோ சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டுகிற ரப்பர் கிரிப்பைச் சொருகியோ தடிமனாக்கி வலது கையில் கொடுங்கள், விரல் முழுக்க மடங்காவிட்டாலும் அது நிற்கும். தட்டு விளிம்பு உயர்ந்ததாக, அடியில் ஈரத் துணி, நகராது. முதலில் இட்லித் துண்டு, அப்புறம் குழைய வடித்துச் சொதி ஊற்றிப் பிசைந்த சோறு, ரசம் சாதமெல்லாம் கடைசியில். உங்கள் கை அவர்கள் மணிக்கட்டுக்கு அடியில் தாங்கலாக. முதல் நாலு வாய் மட்டும் அவர்களுடையது, பசி இருக்கிறபோதுதான் கை உழைக்கும், மிச்சத்தை நீங்களே ஊட்டிவிடுங்கள். அடுத்த வாரம் எட்டு வாய். சிந்தும். முக்கால் மணி நேரம் ஆகும். உங்களுக்கே எரிச்சல் வரும், வரட்டும், வராவிட்டால்தான் ஆச்சரியம்.

யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டீர்களே, டாக்டரும் பிசியோ தம்பியும் சண்டையே போடவில்லை. விழுந்த கையின் கனத்தில் தோள் மூட்டு கீழே இறங்கும், நடக்கும்போது அது ஆடினால் வலி பிடித்துக்கொள்ளும், அதற்குத்தான் டாக்டர் பவுச் சொன்னார். நாள் முழுக்கப் பவுச்சிலேயே கிடந்தால் முழங்கை மடங்கிய வாக்கில் இறுகி, கை என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும், அதனால்தான் தம்பி கழற்றச் சொன்னார். ஆகவே நடக்கும்போது பவுச், உட்கார்ந்ததும் கழற்றிக் கையைத் தலையணைமேலோ மேசைமேலோ வையுங்கள். எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்கவோ அக்குளில் கை கொடுத்துத் தூக்கவோ கூடாது, யார் தூக்கினாலும் சத்தம் போடுங்கள். பந்து அமுக்குவது வேண்டாம். விரல் மடங்குவது இந்த நோயில் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும், விரிவதுதான் வராது. அமுக்கி அமுக்கி மடங்குவதையே வளர்ப்பானேன்?

ரெண்டு பேரும் சரியாகத்தான் சொன்னார்கள், ஆனால் ஒருத்தர் சொன்னது இன்னொருத்தருக்குத் தெரியாது, நடுவில் நீங்கள் திண்டாடுகிறீர்கள். இதில் நானும் யோக்கியம் இல்லை. ஆரம்ப காலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது ஆற்றங்கரை ஊர் விவசாயி ஒருத்தர் வந்தார், வலது மூளையில் அடி, இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே அவர் மூளை கணக்கில் எடுக்கவில்லை, தட்டில் வலது பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு 'இன்னும் கொஞ்சம் போடு' என்பார், இடது பாதி அப்படியே இருக்கும். நான் அவருக்கு ஸ்டூலில் உட்கார்ந்து மக்கில் மொண்டு குளிக்கப் பழக்கினேன், அருமையாகச் செய்தார். பிசியோ கைப்பிடி பிடித்துப் படியேறப் பழக்கினார், அதுவும் நன்றாக வந்தது. டாக்டர் பிரஷரைக் கட்டுக்குக் கொண்டுவந்து வீட்டுக்கு அனுப்பினார். போன மூன்றாம் நாள் அவர் படித்துறைக்குப் போய், இடது பக்கம் இருந்த படி தெரியாமல் கால் வைத்து, இடுப்பெலும்பு முறிந்து திரும்பி வந்தார். அப்போது வார்டு நர்ஸ் சொன்ன வார்த்தை: 'தெனமும் எங்கிட்ட, ஆத்துல ஒரு முங்கு போட்டாத்தான் ஒடம்பு சரியாவும்னு சொல்லிட்டே இருந்தாரே.' நாலு பேரும் அவரவர் பைலில் ஒழுங்காக எழுதியிருந்தோம். பிறந்ததிலிருந்து தாமிரபரணியில் குளிக்கிற மனுஷனிடம், எங்கே குளிப்பீர்கள் என்று கேட்க வேண்டியது நான். அதே தண்ணீரில் வளர்ந்தவள், கேட்கவில்லை.

பக்கவாதத்துக்கென்று தனி வார்டு வைத்து டாக்டர், நர்ஸ், பிசியோ, ஓ.டி., ஸ்பீச் எல்லாரும் வாரம் ஒரு தடவையாவது ஒரே மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு நோயாளியையும் பேசுகிற இடங்களில், பிழைக்கிறவர்களும் அதிகம், தன் காரியத்தைத் தானே பார்க்கிற அளவுக்குத் தேறுகிறவர்களும் அதிகம். பல நாடுகளில் சோதித்து உறுதியான விஷயம் இது. அங்கே அதிசய மருந்து ஒன்றும் இல்லை, பேசிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். நம் பக்கம் அந்த மேசை கிடைக்காதபோது அதை வீட்டிலேயே போட வேண்டியிருக்கிறது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். பிசியோ தம்பி வந்தால் அன்று என்ன செய்தார், எதைச் செய்யக் கூடாது என்று ரெண்டு வரி அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். டாக்டரிடம் போகும்போது நோட்டை முதலில் நீட்டுங்கள், மருந்துச் சீட்டை அப்புறம். நீங்களும் எழுதுங்கள், 'இன்று ஐந்து வாய்', 'சேலை முந்தானையைத் தானே இழுத்தார்கள்', 'ராத்திரி அழுதார்கள்'. அழுகையை விட்டுவிடாதீர்கள். இந்த நோயில் மனச்சோர்வு ரொம்பச் சாதாரணம், மருந்தும் உண்டு, ஆனால் டாக்டரிடம் யாரும் அதைச் சொல்வதில்லை.

அப்புறம் பீடி. 'இனிமேல் சுற்ற விடமாட்டோம், அது வேறு விஷயம்' என்று முடித்துவிட்டீர்கள். அத்தையைக் கேட்டீர்களா? எனக்கும் பீடித்தூள் பிடிக்காது, அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது, எட்டு மணி நேரம் குனிந்த முதுகும் ஆகாது, சம்பாதித்துக் கொட்ட வேண்டிய வயதும் இல்லை, எல்லாம் சரி. ஆனால் உங்கள் வீட்டு வாசலில் அந்த நாலு பேர் சொளவோடு உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிற இடத்தில் அவர்களுக்கு ஒரு இடம் இருந்தது, அது இப்போது இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் என்ற டாக்டர் 1940-களின் கடைசியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்றி ஆபரேஷன் செய்து நிமிர்த்த ஆரம்பித்தார். கை நிமிர்ந்தவர்களில் சிலர் திரும்பி வந்து குறைப்பட்டுக்கொண்டார்களாம், கை நன்றாக இருப்பதால் முன்பு மாதிரி பிச்சை விழவில்லை, வேலை கொடுப்பாரும் இல்லை என்று. அதன் பிறகுதான் அங்கே அவர்களுக்குத் தச்சு மாதிரித் தொழில் பழக்க ஒரு மையம் வந்தது. கையைச் சரிசெய்தால் போதாது, அந்தக் கைக்கு ஒரு வேலையும் வேண்டும் என்பதற்கு எனக்கு இதைவிடப் பொருத்தமான கதை தெரியாது.

அதனால் தூள் இல்லாமல், கழிவு இலையை மட்டும் தண்ணீரில் நனைத்து மெதுவாக்கிச் சொளவில் போட்டுக் கொடுங்கள். எடுத்து அடுக்கட்டும், பெரியது சின்னது பிரிக்கட்டும், வலது கை இலையை அமுக்கிப் பிடிக்க மட்டும் உதவட்டும், இப்போதைக்கு அது பிடிமானக் கைதான். கத்தரிக்கோல் வேண்டாம், வலது விரலில் சூடும் கூர்மையும் உறைக்கிறதா என்று பிசியோ தம்பி பார்த்துச் சொல்லும் வரை வேண்டவே வேண்டாம், அந்தக் கைக்கு வெந்நீர் ஒத்தடமும் அதுவரை கூடாது. இலை அலுத்தால் முருங்கைக்கீரை ஆயலாம், அவரைக்காய் நார் உரிக்கலாம். திரும்பச் சுற்ற வேண்டுமா வேண்டாமா என்பதை ஆறு மாதம் கழித்து அவர்களோடு சேர்ந்து பேசிக்கொள்ளுங்கள், மகனும் மருமகளும் தனியாக முடிவுகட்ட வேண்டாம்.

உடுப்பு விஷயம் சுருக்கமாக: ஜாக்கெட் போடும்போது விழுந்த கை முதலில், கழற்றும்போது கடைசியில். ஹூக்குக்குப் பதில் ஒட்டுகிற வெல்க்ரோ தைத்துக்கொடுங்கள். கேட்காமல் நைட்டிக்கு மாற்றாதீர்கள். குளிப்பது அங்கணத்திலா கொல்லையிலா என்று நீங்கள் எழுதவில்லை, எங்கே என்றாலும் உட்கார்ந்து குளிக்க ஸ்டூல், வலுவாக இருக்கிற இடது கைப் பக்கம் சுவரில் ஒரு கம்பி, வழுக்குகிற பாசி இருந்தால் இன்றைக்கே சுரண்டுங்கள்.

எங்கே போவது? எங்கள் ஆட்கள் தென்மாவட்டங்களில் குறைவு, மறைக்கவில்லை. பழைய டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் உடலியல் மருத்துவம், மறுவாழ்வு எங்கே பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்காக அரசு தொடங்கியிருக்கும் 'விழுதுகள்' சேவை மையங்களில் பிசியோ, ஓ.டி., ஸ்பீச் எல்லாம் ஒரே கூரையின் கீழ் பார்க்கிறார்கள், உங்கள் பக்கத்துக்கு எது என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் சொல்வார்கள். போன கையோடு மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பம் கேட்டுவிடுங்கள், ஊனம் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் பல உதவிகளுக்கு அது வழி. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே பிசியோ வருவதும் உண்டு, காசு கட்ட முடியாமல் தம்பியை நிறுத்தும் நிலை வந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரையை மட்டும் யார் சொன்னாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

புறாவை அறுக்க வேண்டாம், ரத்தம் தோலுக்குள் போய் நரம்பை எழுப்பாது. ஆனால் மாமாவிடம் சண்டையும் வேண்டாம், திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம். காலையில் அத்தையைக் கொல்லையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, வலது உள்ளங்கையில் ஒரு பிடி கம்பரிசி வைத்து அந்தப் புறாவுக்குப் போடச் சொல்லுங்கள். பிடித்த கையை விரித்தால்தான் தானியம் விழும். விரிய மாட்டேன் என்கிற விரலுக்கு வேண்டியதே அதுதான், பந்து அதைச் செய்யாது. முதலில் உங்கள் கை அடியில் இருக்கட்டும். எத்தனை மணி விழுந்தது என்று நோட்டில் எழுதி ஒரு மாதம் கழித்து எனக்கு அனுப்புங்கள்.